உஷார்! லிஃப்ட் பண்ண வண்டிக்கு அலாய் வீல் வாங்கப் போறீங்களா?

லிஃப்ட் கிட் மாட்டிய கையோடு எல்லோரும் அடுத்துப் போய் நிற்கும் இடம் அலாய் வீல் கடை. அங்கே கேட்கப்படும் கேள்விகள் மூன்று: எத்தனை இன்ச், என்ன கலர், பட்ஜெட் எவ்வளவு? நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கடைக்காரர் கேட்பதில்லை. வாங்குபவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. "இந்த வீலுக்கு பேக்ஸ்பேஸிங் எவ்வளவு?"

அந்த ஒரு அளவு தப்பிப்போனாலும் புது அலாய் பார்க்க அழகாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் ஹப் பேரிங் உறும ஆரம்பிக்கும். குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறும். வளைவில் டயர் மட்கார்டைக் கடிக்கும். இவையெல்லாம் சத்தம் போட்டுத் தங்களைக் காட்டிக்கொள்ளும் தொல்லைகள், பணத்தோடு போய்விடும். சத்தமில்லாத தொல்லை ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் டயரின் உள்பக்கம் பிரேக் ஹோஸை உரசும். ரப்பர் ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மலையிறக்கத்தில் பெடலை மிதிக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும். அதற்காகத்தான் இந்த உஷார்.

பேக்ஸ்பேஸிங் பிடிபடாத சங்கதி இல்லை. வீலைக் கழற்றி, அதன் முகம் தரையைப் பார்க்கக் குப்புறப் போடுங்கள். இப்போது மேலே தெரிவது வண்டிப் பக்கம் இருக்கும் உள்விளிம்பு. அந்த ரிம் விளிம்பின் குறுக்கே நேரான கம்பி ஒன்றை வையுங்கள். கம்பியிலிருந்து, ஹப்பில் போய் உட்காரும் தட்டையான பரப்பு வரை இன்ச் டேப்பை இறக்குங்கள். வருகிற அளவுதான் பேக்ஸ்பேஸிங். ஹப் முகத்தைத் தாண்டி வீல் எவ்வளவு தூரம் வண்டிக்குள்ளே நுழைகிறது என்பதை அது சொல்கிறது. எண் கூடினால் வீல் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

கடைகளில் இதைவிட அதிகம் அடிபடுவது ஆஃப்செட். ரிம்மின் நட்டநடுக் கோட்டிலிருந்து அந்த ஹப் பரப்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ், உள்பக்கம் என்றால் மைனஸ். வீலின் முதுகில் ஈ.டி. என்ற எழுத்தோடு பொறித்திருப்பார்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவது சுலபம். ரிம் அகலத்தோடு இருபக்க விளிம்புக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய ஒரு அங்குலம் கூட்டுங்கள். அதைப் பாதியாக்கி, ஆஃப்செட்டை அங்குலமாக மாற்றிக் கூட்டுங்கள். மைனஸ் என்றால் கழியுங்கள். பேக்ஸ்பேஸிங் வந்துவிடும்.

பொறி இருப்பது இங்கேதான். மாருதி சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி கொடுக்கும் வீல் 15 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் பிளஸ் 5. டயர் 195/80 ஆர்15. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் பேக்ஸ்பேஸிங் சுமார் 3.45 அங்குலம். இப்போது ஆஃப் ரோடு படங்களைப் பார்த்துப் பையன்கள் ஆசைப்படும் ரகத்தை எடுங்கள்: 15 அங்குலம் விட்டம், 10 அங்குலம் அகலம், ஆஃப்செட் மைனஸ் 44. "மைனஸ் 44 சார், உள்ளே எதுவும் இடிக்கவே இடிக்காது" என்று கடையில் சத்தியம் செய்வார்கள். கணக்கு போடுங்கள். பேக்ஸ்பேஸிங் 3.77 அங்குலம் வருகிறது. அதாவது இவ்வளவு பெரிய மைனஸ் இருந்தும் ரிம்மின் உள்விளிம்பு கம்பெனி வீலைவிட 8 மி.மீ. உள்ளேதான் போகிறது! வெளிவிளிம்போ 106 மி.மீ. வெளியே பிதுங்குகிறது, ஒரு பக்கத்துக்கு மட்டும். ஆஃப்செட் அகலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அதை மட்டும் கேட்டு வாங்குகிறவர் பாதித் தகவலோடு முழுப் பணம் கட்டுகிறார்.

இன்னொரு பொறி, கடல் தாண்டி வந்தது. அமெரிக்காவில் ஜீப் ரேங்ளர் ஜேகே வைத்திருப்பவர்கள் லிஃப்ட் பண்ணி 35 அங்குல டயர் போடும்போது வழக்கமாக எடுப்பது 17 அங்குல விட்டம், 9 அங்குல அகலம், 4.5 அங்குல பேக்ஸ்பேஸிங். அந்த வண்டிக்கு அது பொருந்தும் எண். ஏனென்றால் அதன் கம்பெனி வீலின் பேக்ஸ்பேஸிங் 6 அங்குலத்தை ஒட்டியது, 4.5-க்கு வந்தால் வீல் வெளியே வருகிறது, உள்ளே இடம் கிடைக்கிறது. அந்த 4.5-ஐ மனப்பாடம் செய்துகொண்டு இங்கே ஜிம்னிக்கு 4.5 கேட்டால்? 3.45 இருந்த இடத்தில் 4.5. வீல் ஒரு அங்குலத்துக்கும் மேலே, 27 மி.மீ. உள்ளே போகும். அதே எண், நேர் எதிரான பலன். இன்னொருவர் வண்டியின் பேக்ஸ்பேஸிங் உங்கள் வண்டிக்கு மருந்து அல்ல. உங்கள் கம்பெனி வீலின் அளவு தெரியாமல் புது வீலின் அளவுக்கு அர்த்தமே இல்லை.

"அதான் லிஃப்ட் பண்ணிட்டோமே, இடம் வந்திருக்குமே" என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்த நினைப்பே மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். லிஃப்ட் கிட் ஸ்பிரிங்கை உயர்த்துகிறது. அதனால் பாடிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மேல்கீழாக இடைவெளி கூடுகிறது. டயருக்கும், முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்முக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுவதில்லை. ஆர்ம் ஆக்சிலோடு பிணைந்தது. அதை லிஃப்ட் எங்கும் நகர்த்துவதில்லை. பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய ஜீப்களிலும் இதே கதைதான். அகலமான டயர் பட்டையில் உரசினால் எத்தனை அங்குலம் தூக்கினாலும் உரசிக்கொண்டேதான் இருக்கும். மேலே கிடைத்த இடமும் நிரந்தரம் இல்லை. ஒரு பக்கச் சக்கரம் பாறை மேல் ஏறி ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது டயர் பழைய உயரத்துக்கே போய்விடும். பம்ப் ஸ்டாப்பை நீட்டாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் நிறுத்தி வைத்த வண்டியில் இடிக்காத டயர் காட்டுப் பாதையில் மட்கார்டில் முட்டும்.

சரி, அப்படியென்றால் வெளியே தள்ளுவதே புத்திசாலித்தனமா? ஓர் அளவுக்கு ஆமாம். ஜிம்னியிலேயே பாருங்கள். ரிம்மைவிட முன்னால் போய் இடிப்பது டயரின் பக்கவாட்டு வயிறு. 195 டயரில் ஹப் முகத்திலிருந்து உள்ளே நிற்கும் அளவு 102 மி.மீ. சொச்சம். 235 டயரை அதே கம்பெனி ஆஃப்செட்டில் மாட்டினால் அது 122 மி.மீ. சொச்சமாகிவிடும், 20 மி.மீ. இடம் போச்சு. போன இடத்தைத் திரும்ப எடுக்க ஆஃப்செட்டை பிளஸ் 5-லிருந்து மைனஸ் 15-க்குக் கொண்டுவந்தால் போதும். கம்பெனி எஞ்சினியர் டயரின் உள்பக்கத்தை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே நின்றுவிடும். மைனஸ் 15 வரை தேவை. அதற்கு மேல் போவதெல்லாம் படம் காட்டுவதற்கு. 6 அல்லது 6.5 அங்குல ரிம்மே அந்த டயருக்குத் தாராளம். 10 அங்குலம் எதற்கு என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: டீப் டிஷ் லுக்.

அந்த லுக்குக்கு என்ன விலை என்று பார்ப்போம். வண்டியின் எடை ஹப்பில் எங்கே விழ வேண்டும் என்று பேரிங்கை வடிவமைக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். டயரின் நடுக்கோடு வெளியே நகர்ந்தால் எடையும் பேரிங்கை விட்டு வெளியே நகர்கிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கிறவளையும் கையை நீட்டித் தூக்கிப் பிடிக்கச் சொன்னவளையும் நினைத்துப் பாருங்கள். குடம் அதேதான், தோள்பட்டைக்குத்தான் கேடு. ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை சுமார் 1,200 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், மைனஸ் 44 வீலில் அந்த 300 கிலோவும் 49 மி.மீ. தள்ளிப்போய் நிற்கிறது. இது வண்டி சும்மா நிற்கும்போது. குழியில் விழும்போதும் ஸ்பீடு பிரேக்கரில் குதிக்கும்போதும் எத்தனை மடங்கு என்று சொல்லத் தேவையில்லை. பேரிங், கிங்பின், பால் ஜாயின்ட், ஹப்பின் ஸ்டட் எல்லாமே அந்தக் கூடுதல் நெம்பலைத் தாங்கியாக வேண்டும். கூடவே பெரிய டயரின் எடை வேறு.

அடுத்தது ஸ்டீயரிங். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சை மனக்கண்ணால் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையில் பதியும் நடுவிடத்துக்கும் உள்ள தூரத்தை ஸ்கிரப் ரேடியஸ் என்பார்கள். இது சிறியதாக இருக்கும்வரை ஒரு சக்கரம் கல்லில் மோதினாலும் ஸ்டீயரிங்குக்குச் செய்தி மெதுவாகத்தான் வரும். பேக்ஸ்பேஸிங் குறையக் குறைய இந்தத் தூரம் கூடும். அதே கல், அதே மோதல், ஆனால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். ஒரு பக்கச் சக்கரம் தார் மேலும் மறுபக்கச் சக்கரம் மணல் மேலும் இருக்கும்போது அழுத்திப் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெரிய டயர் போட்டால் ஸ்கிரப் தானாகவே குறையும் என்று விஷயம் தெரிந்தவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். தப்பில்லை. ஆனால் எவ்வளவு? 195/80-லிருந்து 235/75-க்குப் போனால் டயரின் ஆரம் கூடுவது 20 மி.மீ. அந்த அச்சின் சாய்வு 9 டிகிரி என்று வைத்தால் குறைவது 3 மி.மீ. நீங்கள் கூட்டுவதோ 49.

இதோடு லிஃப்ட் செய்யும் இன்னொரு வேலையையும் சேர்த்துப் பாருங்கள். ரேடியஸ் ஆர்ம் உள்ள சாலிட் ஆக்சில் வண்டியைத் தூக்கினால் ஆக்சில் சற்றே உருண்டு கேஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டீயரிங்கைத் தானே நேராகத் திருப்பிக் கொடுக்கும் கோணம் அது. கேஸ்டர் குறைந்து, ஸ்கிரப் கூடி, கனமான டயரில் பேலன்ஸும் கொஞ்சம் பிசகினால் நெடுஞ்சாலையில் ஒரு சின்னக் குழியில் இறங்கியதும் முன் இரண்டு சக்கரமும் வெறி பிடித்ததுபோல் இடவலமாக ஆட ஆரம்பிக்கும். அமெரிக்க ஜீப்காரர்கள் இதற்கு டெத் வாபிள் என்று பேரே வைத்துவிட்டார்கள். பேக்ஸ்பேஸிங் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். தேய்ந்த டை ராட் எண்ட், லூசான புஷ், கிங்பின் பேரிங் என்று பங்காளிகள் பலர். ஆனால் அந்தப் பங்காளிகளை எல்லாம் சீக்கிரம் தேய வைப்பதும் இந்த வெளியே தள்ளிய வீல்தான். ஸ்டீயரிங் டேம்பர் ஒன்று மாட்டினால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். அது நோயை மூடி வைக்கும்.

உள்ளே இடிக்கக்கூடாது என்று வெளியே தள்ளிய வீல் வேறு இடத்தில் இடிக்கும் என்பதுதான் வேடிக்கை. திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப்போகப் போக, ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அது வீசும் வட்டம் பெரிதாகிறது. டயரின் முன்மூலை பம்பரிலும் பின்மூலை மட்கார்டின் கீழ்ப்பக்கத்திலும் முட்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங்கை ஒடித்து ஏறும்போது உரசல் சத்தம் கேட்டுக்கொண்டே போனவர்கள், இறங்கியதும் நேராகக் கடைக்கு வந்து பம்பரை வெட்டச் சொல்வார்கள். வெட்டியும் தருவார்கள். தவறான வீலுக்காகச் சரியான பம்பர் பலி.

நிறுத்தி வைத்து ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஜிம்னியில் முன்னும் பின்னும் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது லேட்டரல் ராட். ஒரு முனை சேஸியில், மறுமுனை ஆக்சிலில். வண்டியைத் தூக்கும்போது இந்த ராடின் சரிவு கூடி ஆக்சிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். அதனால் ஒரு பக்க டயர் மட்கார்டுக்கு வெளியே கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் நிற்கும். நீளம் மாற்றக்கூடிய லேட்டரல் ராட் போட்டு ஆக்சிலை நடுவே கொண்டுவந்த பிறகுதான் வீலுக்கே அளவெடுக்க வேண்டும். கிட் போட்டவர் இதைச் செய்தாரா என்று கேளுங்கள், முழித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் சாலிட் ஆக்சில் கவலை என்று நகர்ந்துவிட வேண்டாம். 2020-இல் வந்த தாரின் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் டபுள் விஷ்போன். அதில் டயர் நெருங்குவது ரேடியஸ் ஆர்மை அல்ல, மேல் விஷ்போனையும் அதன் பால் ஜாயின்ட்டையும் நக்கிளையும். தூக்கியதும் பால் ஜாயின்ட், டிரைவ் ஷாஃப்ட் இரண்டின் கோணமும் ஏற்கெனவே கூடியிருக்கும். அந்த நிலையில் வெளியே தள்ளிய வீலைக் கொடுப்பது நோயாளியின் தலையில் சுமை ஏற்றுவது. பின்பக்கம் சாலிட் ஆக்சில்தான் என்பதால் முன்னும் பின்னும் ஒரே எண் சரிப்படும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அகலமாக நின்றால் தூக்கிய வண்டி கவிழாது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதனால்தான் அது ஆபத்தான பேச்சு. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஒரு தோராயக் குறியீடு. ஜிம்னியில் அந்த அகலம் முன்னால் 1,395 மி.மீ., பின்னால் 1,405. மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் குறியீடு 1. வண்டியின் எடை மையத்தை 50 மி.மீ. உயர்த்தினால் அது 0.93-க்கு இறங்கும். பழைய 1-க்குத் திரும்ப ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. அகலப்படுத்த வேண்டும். அதாவது மேலே சொன்ன பேரிங் தின்னும் மைனஸ் 44-ஐப் போட்டும் கம்பெனி கொடுத்த நிலைத்தன்மைக்குத்தான் திரும்பி வருகிறோம், அதைத் தாண்டி ஒரு அடியும் இல்லை. தூக்கிய வண்டியை வளைவில் மெதுவாக ஓட்டுவது இதைவிட மலிவு.

ஸ்பேசர் பற்றி இரண்டு வார்த்தை. புது வீல் வாங்கக் காசில்லாதவர்களுக்கு ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஒரு வளையத்தைச் சொருகித் தருகிறார்கள். 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் பேக்ஸ்பேஸிங் 1.2 அங்குலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பேரிங்குக்கும் ஸ்கிரப்புக்கும் மேலே சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும். தனி நட்டும் தனி ஸ்டட்டும் கொண்ட, ஹப்பின் நடு வட்டத்தில் இறுக்கமாக உட்காரும் ரகம் ஓரளவு தேவலை. நடுவே சும்மா சொருகும் தகடுதான் எமன். அது ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிடும், நட்டு பிடிக்கப் புரி மிச்சம் இருக்காது. ஜிம்னியின் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், புரி இடைவெளி 1.25 மி.மீ. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு உள்ளே ஏற வேண்டும் என்றால் குறைந்தது 10 சுற்று. கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். ஆறாவது சுற்றில் இறுகினால் அந்த வண்டியைக் கடைவாசலை விட்டு நகர்த்தாதீர்கள்.

துளைகள் பொருந்துகின்றன என்பதாலும் ஏமாற வேண்டாம். ஐந்து துளை, 139.7 மி.மீ. வட்டம் என்பது வில்லிஸ் ஜீப் காலத்திலிருந்து வரும் அளவு, ஜிம்னிக்கும் அதேதான். அதனால் யார் யாருக்கோ செய்த வீல் இதிலும் மாட்டிக்கொள்ளும். ஜிம்னியின் நடுத்துளை 108 மி.மீ. வீலின் நடுத்துளை அதைவிடச் சிறிது என்றால் வீல் ஹப்பில் முழுதாக உட்காராது. பெரிது என்றால் வீலை நடுவில் நிறுத்தும் வேலை முழுவதும் நட்டுகளின் தலையில் விழும். நட்டின் கூம்பும் வீலின் இருக்கையும் ஒத்துப்போகிறதா, உள்ளே பிரேக் காலிப்பர் ஸ்போக்கில் படுகிறதா என்பதையும் பாருங்கள். பேக்ஸ்பேஸிங் சரியாக இருந்தும் காலிப்பர் இடிப்பது உண்டு. வீலின் முதுகில் தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்கிறதா? ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, ஜப்பானிய ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகளோ இருக்கிறதா? எதுவும் இல்லாத மொட்டை வீலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டெப்னியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பின்கதவில் தொங்கும் அதற்கும் இதே கணக்குதான்: பேக்ஸ்பேஸிங் கூடினால் டயர் கதவில் முட்டும், குறைந்தால் வெளியே தள்ளிக் கீலைத் தொங்கவிடும். காசை மிச்சம் பிடிக்க நாலு வீல் மட்டும் வாங்கிப் பழைய ஸ்டெப்னியையே வைத்துக்கொண்டால், பஞ்சரான அன்று அளவு வேறான டயரோடு ஃபோர் வீல் டிரைவைப் போடக்கூடாது என்பதையாவது நினைவில் வையுங்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒரு பார்வை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாகப் பதிவுச் சான்றிதழ் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லிஃப்ட் ஒன்று, டயர் ஒன்று, வீல் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் நூறடி தூரத்திலிருந்தே செக்போஸ்ட்டைக் கூப்பிடும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு அவர்கள் சர்வேயர் கண்ணில் பட்டால் கிளெய்முக்கு ஆபத்து. பின்னால் வருகிறவனின் கண்ணாடியில் கல்லை வாரி அடிப்பதும் அந்த நீட்டிய டயர்தான். அதற்குத் தனிச் சட்டம் வேண்டியதில்லை, மனசாட்சி போதும்.

என்ன செய்யலாம்? லிஃப்ட் வேலை முழுதாக முடிந்து, லேட்டரல் ராட் சரிசெய்து, அலைன்மென்ட் பார்த்த பிறகு வீல் கடைக்குப் போங்கள், முன்னால் போகாதீர்கள். போகும் முன் வீட்டிலேயே உங்கள் கம்பெனி வீலைக் கழற்றிக் குப்புறப் போட்டு பேக்ஸ்பேஸிங்கை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு டயர் மாட்டிய சக்கரத்தோடு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள்பக்கம் ரேடியஸ் ஆர்ம், டை ராட், பிரேக் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மி.மீ. இருக்கிறது என்று டார்ச் அடித்து அளந்துகொள்ளுங்கள். புது டயர் அந்த இடத்தில் எவ்வளவைத் தின்னும் என்று கூட்டிக் கழித்தால் உங்களுக்கு எவ்வளவு வெளியே வர வேண்டும் என்பது தானாகத் தெரியும். அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம்.

கடையில் ஒரே ஒரு வீலை மட்டும் மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். முதலில் முன்பக்கம், அப்புறம் பின்பக்கம். ஒரு சக்கரத்தைச் சாய்தளத்திலோ கட்டையிலோ ஏற்றி ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கி, அந்த நிலையிலேயே ஸ்டீயரிங்கை ஒடித்துப் பாருங்கள். தரையில் சமமாக நிற்கும்போது இடிக்கவில்லை என்பது சோதனையே அல்ல. மாட்டி முடித்ததும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்புவார்கள், விடாதீர்கள். 80, 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முதல் மாதத்தில் இரண்டு முறையாவது குனிந்து பிரேக் ஹோஸைப் பாருங்கள். ரப்பரில் பளபளப்பான தேய்ந்த தடம் தெரிந்தால் அன்றைக்கே ஹோஸை மாற்றி, வீலையும் கழற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. பில்லில் வீலின் விட்டம், அகலம், ஆஃப்செட், பேக்ஸ்பேஸிங், நடுத்துளை ஐந்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.